நான் தள்ளிவைத்த படிவங்கள்

என் மனைவியின் வாயில் புண் இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது அவள் அல்ல, ஒரு படிவம். அதை நான் நம்பவில்லை. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் நம்பவில்லை என்பதற்கான விளக்கம். எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. விளக்கம் சாக்காக மாறிவிடாமல் எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் புள்ளியியல் படித்தவன். கோலார் தங்கவயலுக்கு வந்தது சுரங்க வேலைக்காக அல்ல, மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால். எனக்குத் தரச் சோதனைப் பிரிவு. ஒரு பெட்டி நிறைய உதிரி பாகம் வந்தால் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருக்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றை எடுத்து அளப்போம். அவை தேறவில்லை என்றால் பெட்டி முழுவதும் சிவப்புச் சீட்டோடு திரும்பிப் போகும். ஒரே இரும்புத் தண்டை ஐந்து பேர் அளந்து ஒரே அளவைச் சொல்லி, ஆறாவது ஆள் மட்டும் வேறு அளவு சொன்னால், ஆறாவது ஆளின் கருவியைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். இருபத்தைந்து வருடம் இதைச் செய்தேன். தவறாகச் செய்தேன் என்று யாரும் சொன்னதில்லை.

மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் அப்பா மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் கேஜ் என்னும் கூண்டில் ஏறி இறங்கியவர். பிறந்த வீட்டுக்காரர்களை விட்டுத் தள்ளிப் போக மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு கிடைத்தும் போகாமல் பாலகாட் என்ற சுரங்கப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமான புதிதில் ஒருநாள் காலையில் பின்வாசலுக்குப் போனேன். மூக்குப்பொடியை ஆள்காட்டி விரலில் எடுத்துப் பல்லில் தேய்த்துவிட்டு, கொப்பளிக்காமல் வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லைன்களில், பெண்கள் அப்படித்தான். பல்வலிக்கு என்று தொடங்குவார்கள். அப்புறம் வலி போனாலும் பொடி போகாது. "படிச்சவன் வீட்ல இதெல்லாம் கூடாது" என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். சில நாள் கழித்து, "உட்டுட்டேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துபோனது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் டாக்டர் என்னைத் தேடி வந்தார். வாய்ப் புற்றுக்கு அறுவை செய்கிறவர். தங்கவயலிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பது அவர் கவலை. எந்த லைனில், எத்தனை பேர், எந்த வகைப் புகையிலை போடுகிறார்கள் என்று வீடு வீடாக எடுத்த கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது. தொழிற்சாலையில் புள்ளியியல்காரர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கிட்ட வந்து சேர்றவங்களை மட்டுந்தான் நான் பாக்கிறேன் சார். வராதவங்களை நீங்க எண்ணிக் குடுங்க" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போனது. போல்ட்டையும் தண்டையும் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு மனிதர்களை எண்ணச் சொன்னது பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இரண்டு பக்கப் படிவம் ஒன்று தயாரித்தேன். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, பொடி, எத்தனை வயதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. கடைசிக் கேள்வி டாக்டர் சேர்த்தது: வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ உண்டா? உண்டு என்று சொல்கிறவர்களுக்குத் தனியாகப் பட்டியல் போடுவோம். அவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் டாக்டர் வாயைப் பார்ப்பார். புண்ணாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் பிழைக்க வைக்கலாம் என்பார் அவர். கணக்கு எடுப்பதே அதற்காகத்தான் என்று அவர் நினைத்தார். கணக்கு கணக்குக்காக என்று நான் நினைத்தேன்.

யாரைக் கேட்பது என்பதில் எங்களுக்குள் சின்ன வாதம் வந்தது. "வீட்டுத் தலைவரைக் கேட்டா போதும். மத்தவங்களுக்கும் சேத்து அவரே சொல்லிடுவார்" என்றேன் நான்.

"பொம்பளைங்களைத் தனியா கேக்க வேணாமா?"

"ஒரு வீட்டில் நாலு பேரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டா வருஷம் ஓடிப்போயிடும் டாக்டர். புருஷனுக்குத் தெரியாமலா பொண்டாட்டி புகையிலை போடப் போறா?"

இதைச் சொன்ன வாய் என் வாய். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, கணக்கு விஷயத்தில் நான் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

வீடு வீடாகப் போக ஆறு பேரை எடுத்தோம். ஐந்து பேர் மாலைக் கல்லூரியில் படித்த வாலிபர்கள். ஆறாவது ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். மைசூர் மைன்ஸ் பக்கத்து சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்தியதால் ஊர் முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கணவர் சுரங்கத்தில் இருந்தார். பயிற்சிக்கு சர்ச் கூடத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பயிற்சியன்று அவர் கேட்டார், "சார், வீட்டுக்காரரைத்தான் கேக்கணும்னு போட்டுக்கீறீங்க. அவரு ஷிஃப்ட்ல இருந்தா?"

"மறுபடி போங்க."

"இந்த வாரம் பகல் ஷிஃப்ட்டு, அடுத்த வாரம் ராத்திரி ஷிஃப்ட்டு. ராத்திரி ஷிஃப்ட்டுன்னா பகல்ல தூங்குவாரு. எழுப்பினா அடிக்க வருவாரு. எப்பதான் போறது?"

"டீச்சரம்மா கேஜ்ல எறங்கிப் போய் கேட்டுகினு வருவாங்க சார்" என்றான் வாலிபர்களில் ஒருவன். கூடமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "நீ வர்றியா? ஒன்ன எந்த லெவல்ல உட்டுட்டு வரணும்னு சொல்லு" என்றார். மறுபடியும் சிரிப்பு. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

எந்தெந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்த எண்ணில் தொடங்கி, எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசையாகக் குறித்தேன். பாலகாட்டில் அப்படி எண்ணிக்கொண்டு வந்தபோது என் வீட்டுக் கதவு எண்ணே வந்து விழுந்தது. பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். விதி விதிதான் என்று விட்டுவிட்டேன். அந்தப் பகுதி டீச்சருக்குப் போயிற்று. என் வீடு என்று அவருக்கும் தெரியும்.

மூன்றாவது வாரத்திலிருந்து படிவங்கள் கட்டுக்கட்டாக வந்தன. வாலிபர்கள் ஐந்து பேரின் கட்டுகளும் ஒரே மாதிரி இருந்தன. ஆண்கள் பக்கம் நிறைய டிக். சுரங்கச் சூட்டில் வியர்வையில் பீடி நனைந்துவிடும், ஆகவே புகையிலையை வாயில் அடக்குகிறவர்கள்தான் அதிகம். நான் எதிர்பார்த்ததும் அதுதான். பெண்கள் பக்கம் அநேகமாகக் காலி. எங்காவது ஒரு கிழவி வெற்றிலையோடு போடுவாள். டீச்சரின் கட்டில் மட்டும் பெண்கள் பக்கம் டிக் டிக்காக இருந்தது. பொடி, பொடி, பொடி. பன்னிரண்டு வயதிலிருந்து, பிள்ளை பெற்றதிலிருந்து. கடைசிக் கேள்வியிலும் அவர் கட்டில்தான் டிக் அதிகம்.

ஐந்து கருவி ஒன்று சொல்கிறது, ஆறாவது வேறு சொல்கிறது.

நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு காலையில் சொல்லாமல் டீச்சர் கணக்கெடுக்கும் லைனுக்குப் போனேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம், துணி துவைக்கிற பெண்களோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். படிவம் மடியில் கிடந்தது. "பல்லு எதுல தேய்க்கிறே?" என்று ஒருத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் ஏதோ சொல்ல வந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இவரு நம்ம சார்தான், பரவால்ல, சொல்லு" என்றார் டீச்சர்.

"இன்னா சார், பொம்பளைங்க வாயைப் பாக்க வந்துட்டீங்களா?" என்று வயதான ஒரு அம்மாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முன்னால் பேச வந்தவள், "பேஸ்ட்டுதான் அக்கா, வேற இன்னா" என்றாள். அன்று நான் கூடவே ஐந்தாறு வீடுகளுக்குப் போனேன். எல்லாப் பெண்களும் பேஸ்ட் அல்லது கரி என்றார்கள். பொடி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது டீச்சர், "நாளைக்கு நீங்க வராதீங்க சார்" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நான் வேறு விதமாக யோசித்தேன். நான் பார்க்கும்போது ஒன்றுமில்லை, பார்க்காதபோது நிறைய இருக்கிறது என்றால், உட்கார்ந்த இடத்தில் தானே எழுதிக்கொண்டு வருகிறார் என்றுதான் அர்த்தம் எடுத்தேன். அங்கே நின்றுகொண்டிருந்தது நான் என்பது என் கணக்கில் வரவில்லை.

அந்த வாரக் கட்டில் பாலகாட் படிவங்கள் இருந்தன. அவற்றில் என் வீட்டு எண். படிவத்தில் பெயர் கிடையாது. சொன்னது யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்கிறோம். நான் அதைப் படித்திருக்கக் கூடாது. படித்தேன். பெண், நாற்பத்தாறு வயது. பொடி. பதினொரு வயதிலிருந்து. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை. கீழ் ஈறோரம் இடப்பக்கம் புண், நாலு மாதமாக.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னும் பொடி போடுறியா?"

அவள் நிமிரவில்லை. "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. கேக்கிறேன்."

"அதெல்லாம் எப்பவோ உட்டாச்சே. இன்னாத்துக்குத் திடீர்னு?"

"சும்மாதான்."

அப்போது நிமிர்ந்து பார்த்தாள். நான் இன்னொரு கேள்வி கேட்பேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. வாயில் புண் இருக்கிறதா, வாயைத் திற, பார்க்கிறேன் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? வீட்டில் டார்ச் இருந்தது. நான் உடுப்பை மாற்றிக்கொள்ளப் போய்விட்டேன்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அளந்து பார்த்தாயிற்று, அது தேறவில்லை என்று முடிவு செய்தேன். இருபது வருடத்துக்கு மேலாகப் புருஷனிடம் மறைத்ததை ஒருத்தி புருஷன் கேட்டதும் ஒப்புக்கொள்வாள் என்று, எண்ணுவதே தொழிலாக இருந்தவன் நம்பினேன். எனக்குச் சொன்ன பதில் உண்மை, முன்பின் தெரியாதவளுக்குச் சொன்னது பொய் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் இன்னொன்றும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் படிவம் உண்மை என்றால் பட்டியலில் என் வீட்டு எண் போகும். கூடத்தில் டாக்டர் முன்னால் என் மனைவி வாயைத் திறந்து உட்காருவாள். புகையிலைக் கணக்கு எடுக்கிறவன் பெண்டாட்டியே பொடி போடுகிறாள் என்று அந்த ஐந்து வாலிபர்களும் பேசிக்கொள்வார்கள். இந்த நினைப்பு எவ்வளவு தூரம் என் முடிவை நடத்தியது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடத்தவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

டீச்சரைக் கூடத்துக்கு வரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த படிவங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சணல் கயிறு போட்டுக் கட்டி மேசைமேல் வைத்திருந்தேன்.

"இதெல்லாம் சேத்துக்க முடியாது டீச்சர்."

"இன்னா சார் தப்பு?"

"வீட்டுத் தலைவரைக் கேக்கச் சொன்னேன். நீங்க பொம்பளைங்களைக் கேட்டிருக்கீங்க."

"அவங்க வாயிதானே சார். அவங்களைத்தானே கேக்கணும்?"

"நான் வந்து நின்னப்ப ஒருத்தரும் பொடின்னு சொல்லலியே. ஒரு வீட்டுல நானே தனியாவும் விசாரிச்சுப் பாத்தேன். அவங்களும் இல்லேன்னுட்டாங்க. நீங்களா எழுதினா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவர் முகம் சிவந்தது.  பிறகு மெதுவாக, "எந்த வீடு சார்?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. எந்த வீடு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணில் அது தெரிந்ததை நான் பார்த்தேன். உங்க வீட்டம்மாதானே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாதம் அங்கேயே நொறுங்கியிருக்கும். சொல்லவில்லை. சொன்னதை வெளியே விடமாட்டேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். என்னிடம்கூட அதைக் காப்பாற்றினார்.

"நான் ஞாயித்துக்கெழம பிள்ளைங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் குடுக்கிறவ சார். நானா எழுதுவேன்?" என்றார். "சரி, எம் பேப்பரு வேணாம். என்னையும் வேணாம். புண்ணு கீதுன்னு சொன்னவங்களையாவது டாக்டரம்மாகிட்ட அனுப்பிடுங்க. கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டு வந்துக்கீறேன். பாத்துகினு இருப்பாங்க."

"பொய்ப் பட்டியலை டாக்டர்கிட்ட எப்படிக் குடுக்கிறது?"

அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரத்துக்குள் டீச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து படிவம் நிரப்பி மாட்டிக்கொண்டார் என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேச்சைக் கிளப்பியது வாலிபர்கள். அவர்களிடம் சொன்னது நான். ஞாயிறு பள்ளியை வேறு ஒருவர் நடத்தத் தொடங்கினார்.

அவருடைய வீடுகளுக்குப் பதிலாக வேறு வீடுகளை எடுத்து, வாலிபர்களை அனுப்பி, கணக்கை முடித்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "பெண்கள் இவ்வளவு கம்மியா? நான் பாக்கிற வாயெல்லாம் அப்படிச் சொல்லலியே" என்றார். ஒரே ஒருவர் கொண்டுவந்த அளவு மட்டும் விலகியிருந்ததையும், அதைச் சரிபார்த்துத் தள்ளிவைத்ததையும் அட்டவணை போட்டு விளக்கினேன். நல்ல விளக்கம். வேறு யார் செய்திருந்தாலும் நானே பாராட்டியிருப்பேன். அந்த அறிக்கையை வைத்துத்தான் ஆண்களுக்கு மட்டும் பிரசாரம் நடந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் தட்டி கட்டினார்கள். குழாயடிக்கு யாரும் போகவில்லை.

வாய் பார்க்கிற நாள் வந்தபோது மனைவி கேட்டாள், "அந்த கேம்ப்பு ஞாயித்துக்கெழமதானாங்க?"

"ஆமா."

"யாரு யாரெல்லாம் வருவாங்க?"

"அழைப்புச் சீட்டு வந்தவங்க மட்டும்."

"ஓ" என்றாள். ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரமே குளித்து, வெளியே போகிறபோது உடுத்தும் புடவையை உடுத்தியிருந்தாள் என்பதைக் கவனித்தேன். சர்ச், கோயில் என்று போகும் வழக்கமில்லாத எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவைக்கு வேலையில்லை. கவனித்தேன் என்றுதான் சொல்கிறேன். யோசித்தேன் என்று சொல்லவில்லை. மத்தியானம் நான் கூடத்திலிருந்து திரும்பியபோது அது மடித்துவைக்கப்பட்டிருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அவளால் வாயைப் பாதிக்கு மேல் திறக்க முடியவில்லை. ரசம் சாதம் கடைவாயில் வழிந்தது. பல் பிடுங்கினால் சரியாகிவிடும் என்றாள். பெங்களூரில் வேலையிலிருந்த மகன் வந்து பார்த்துவிட்டு, அழுது, அதட்டி, அதிகாலை ரயிலில் ஏற்றி அழைத்துப் போனான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, "எவ்வளவு நாளா இருக்கு அம்மா?" என்றார்.

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு வருசம்."

"ரெண்டு வருஷமா? யாருகிட்டயும் சொல்லலியாம்மா நீ?" என்று மகன் கத்திவிட்டான்.

அவளுக்குப் பேச்சு குழறியது. இருந்தும் நிதானமாகத்தான் சொன்னாள். "சொன்னேன்டா. ஒரு டீச்சரு வந்து காயிதத்துல எழுதிகினு போனாங்க. கூப்பிடுவாங்கன்னாங்க. பாத்துகினு இருந்தேன்."

"எந்த டீச்சர்? யாருப்பா அது?" என்று மகன் என் பக்கம் திரும்பினான்.

"தெரியலப்பா" என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தமிழ் கன்னடம் இரண்டிலும் எழுதிய ஒரு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் அவன் தெரிந்துகொள்ளப் போகிறான்.

தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு. பேச்சு போய்விட்டது. அவளிடம் நான் சொன்னது அப்போதுதான். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துச் சொன்னேன், அதிலும் கோழைத்தனம். "அந்தக் காயிதம் எங்கிட்டதான் வந்துது. நான்தான் பட்டியல்ல சேக்கல" என்றேன். வெகு நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கமாகக் கையை நீட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். தம்ளரை எடுத்துக் கொடுத்தேன். அவள் கேட்டது தண்ணீர்தான்.

சுரங்கத்தை மூடிய வருடத்தில் அவள் போனாள். ஊர் முழுக்கவே அப்போது இழவு வீடு மாதிரிதான் இருந்தது. எங்கள் வீட்டுச் சாவு அதில் தனியாகத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் கழிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அலமாரிக்கு மேலே கிடந்த அவருடைய படிவக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அவங்க சாவுக்கு வரணும்னு இருந்துச்சு சார். ஒங்க மூஞ்சியப் பாக்க வேணாம்னு வரல" என்றார். பிறகு கட்டை வாங்கிக் கயிற்றை அவிழ்த்தார். கடைசிக் கேள்விக்கு டிக் இருந்த படிவங்களை மட்டும் விரலை நனைத்து நனைத்துத் தனியாக எடுத்தார். "டாக்டரம்மாவுக்கு ஃபோன் போடுங்க. வரச் சொல்லுங்க. நான் வூடு வூடா போய் சொல்றேன்."

டாக்டருக்கும் சொன்னேன்.  "தேதி சொல்லுங்க, வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்தக் கணக்கும் கேட்டதில்லை.

டீச்சரோடு நானும் போனேன். தெருமுனையில் நிற்பேன், அவர் உள்ளே போய் வருவார். சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. வேலை தேடிக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். சில பெண்கள் புண் தானே ஆறிவிட்டது என்றார்கள். சிலர் வருவதாகச் சொன்னார்கள். மைசூர் மைன்ஸில் ஒரு வீட்டில் டீச்சர் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். "நீங்களே வாங்க சார். இங்க நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், வேலை போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க சார். இன்னா விசயம்?"

"புகையிலை சர்வே விஷயமா."

"அதுவா? அது அப்பவே முடிஞ்சிடுச்சே சார். எம் பொண்டாட்டிகூட ஏதோ சொல்லிகினு இருந்தா, டாக்டரு கூப்பிடுவாங்கன்னு. அவ போய் ஆறு மாசமாச்சு."

சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. குழாயடியில் பேஸ்ட்டுதான் என்று சொன்னவள்தானா என்று உற்றுப் பார்த்தேன். எனக்கு ஞாபகமில்லை. அவரிடம் சொன்னேன். டீச்சர் எழுதியது உண்மை, அதைப் பொய் என்று தள்ளியவன் நான், கூப்பிடாததற்குக் காரணம் நான், என் வீட்டிலும் இதுதான் நடந்தது.  அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப கூப்ட்டிருந்தா பொழைச்சிருப்பாளா சார்?"

"சொல்ல முடியாது. ஆனா கூப்பிட்டிருக்கணும்."

 அவர் திரும்பி உள்ளே பார்த்து, "தோ, எம் பொண்ணும் போடுறா. அம்மாவ பாத்து ஆரம்பிச்சது. வாயில எரிச்சல்னு சொல்லிகினு கீறா" என்றார். "இங்க வாம்மா. சார்கிட்ட சொல்லு."

கதவோரம் வந்து நின்றாள் அந்தப் பெண். இருபது வயதிருக்கும். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நானா? இல்லியே. நான் பேஸ்ட்டுதான்" என்றாள்.

"பொய் சொல்லாத. நான் பாத்துக்கீறேன்" என்று அவர் குரல் உயர்ந்தது.

நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "வாங்க, நாம கொஞ்சம் வெளிய போவோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் வந்தார். டீச்சர் அந்தப் பெண்ணோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் இரண்டு பேரும் தெருவில் வெயிலில் நின்றோம்.  உள்ளே அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை.